ஆத்தாளுக்கு ஒரு ஜீப் பட்டறை

காலை பதினோரு மணி ஆனால், பிரித்த இன்ஜின் பிரித்தபடி கிடக்க, வீரணன் எழுந்துவிடுவார். ஷட்டரைப் பாதிக்கு இறக்குவார். கை துடைத்த கிரீஸ் துணியை ஷட்டரின் கைப்பிடியில் செருகிவிட்டு எதிர்ச்சாரி டீக்கடைக்கு நடப்பார். சின்னமனூரில் ஜீப் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த அடையாளம் தெரியும். ஷட்டர் முழுக்க இறங்கியிருந்தால் ஆள் ஊரில் இல்லை. பாதி இறங்கி, துணியும் தொங்கினால் ஆள் இங்கேதான் இருக்கிறார், டீ குடிக்கிறார், இதோ வந்துவிடுவார். அந்தத் துணியைப் பார்த்த பிறகு யாரும் திரும்பிப் போனதில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார்கள்.

டீக்கடையில் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் தெருவைப் பார்ப்பார். அதற்கென்றே அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருப்பார். போகிற பஸ்ஸின் போர்டு, உரக்கடைச் சுவரின் எழுத்து, லாரியின் நம்பர் என்று ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிப்பார். ஊருக்குப் புதியவர்கள், பாவம், மனுஷன் எந்த பஸ்ஸுக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் எந்த பஸ்ஸுக்கும் காத்திருக்கவில்லை. கண் இருக்கிறதா என்று பார்க்கிறார். இருக்கிறது என்று தெரிந்த பிறகே டீயைக் குடிப்பார்.

வயது ஐம்பது. ஆள் குள்ளம், குரல் நெட்டை. காக்கிச் சட்டையின் இரண்டு பையிலும் நட்டும் வாஷரும் நிலக்கடலையும் கலந்து கிடக்கும். பேச்சு சுவாரசியத்தில் வாஷரை வாயில் போட்டுக் கடித்துவிட்டு, "கடலை சொத்தைப்பா" என்று துப்பியவர். மேகமலைக்கு ஏறும் பாதை பாதி கல், மீதி குழி. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய் இறங்கி வருகிற ஜீப்பில் ஏதாவது ஒன்று கழன்றே தீரும். கழன்றதெல்லாம் இவரிடம்தான் வரும். நீளமான ஸ்குரு டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். டிரைவர் சொல்வது அந்தக் காதில் ஏறாது. "வண்டி பொய் சொல்லாதுப்பா. ஓட்டுறவன்தேன் சொல்லுவான்" என்பார்.

இப்படி ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவர், இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம், பேட்டரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தீக்குச்சி கிழித்தார். முப்பது வருஷமாக "அதை மட்டும் செய்யாதீகடா" என்று கத்திக்கொண்டிருந்த அதே காரியம். பேட்டரி வெடித்தது. ஆசிட் இடது கண்ணில் அடித்தது. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி முனீஸ்வரி ஓடிவந்து குடம் குடமாகத் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். பிரேக் பார்க்க வந்திருந்த ஜீப் டிரைவர் இம்மானுவேல், பார்க்காத பிரேக்கோடேயே இருவரையும் ஏற்றிக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

தேனிக்குப் போகிற வழியில்தான் வீரபாண்டி. அங்கே இருக்கிற கௌமாரியம்மன், கண் கொடுக்கிறவள் என்று அந்தப் பக்கத்தில் பேர் வாங்கியவள். கண்ணுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் ஒரு ஜோடிக் கண் செய்து கொண்டுபோய் வைப்பார்கள். வீரணனும் அதைச் சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். கோயில் திருப்பத்தில் ஜீப் குலுங்கியபோது வலி தாங்காமல், "ஆத்தா! கண்ணைக் குடுத்துரு! என் பட்டறையவே ஒனக்குத் தாரேன்!" என்று அலறிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். முதலில் மங்கலாக ஒரு முகம் தெரிந்தது, பிறகு அந்த முகத்தில் ஒரு புள்ளி மின்னியது. "ஏ முனீசு, மூக்குத்தி தெரியுதுடி!" என்று அவர் கத்தியதில் வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்தது. கத்திவிட்டுக் குழந்தைபோல அழுதார். அவளும் அழுதாள்.

திரும்பி வரும்போது வீரபாண்டித் திருப்பத்தில் முனீஸ்வரிக்கு ஞாபகம் வந்தது. "ஏங்க, பட்டறையவே தாரேன்னு சொன்னீகளே, சாவிய இங்கனயே குடுத்துட்டுப் போயிருவமா?"

"வலியில சொன்னது புள்ள. ஆத்தாளுக்குத் தெரியாதா?"

"நானும் கேட்டேண்ணே" என்றான் இம்மானுவேல். "ஸ்டீயரிங்கத்தேன் புடிச்சிருந்தேன், காதப் பொத்தல."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மனிதர் நாலு நாள் யோசித்தார். பிள்ளை வரம் கேட்டவர்கள் பெற்ற பிள்ளையையா கோயிலில் விட்டுவிட்டு வருகிறார்கள்? மண்ணில் ஒரு மதலை செய்து வைக்கிறார்கள். மாட்டுக்கு நேர்ந்தவர்கள் மண் மாடு வைக்கிறார்கள். அப்படியானால் பட்டறைக்கு மண் பட்டறை. இந்த ஞானம் பிறந்ததும் நேராக மண்பாண்டம் செய்கிற சங்கரலிங்கத்திடம் போனார். சங்கரலிங்கம் சக்கரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "கண்ணு இருக்கு, கை இருக்கு, காலு இருக்கு, மதலை இருக்கு. பட்டறைக்கு எங்கிட்ட அச்சு இல்ல. நான் பானை செய்யிறவன்யா. பட்டறை ஒம்ம சோலி."

சரி என்று அவரே ஒரு கூடைக் களிமண் வாங்கிவந்து ஜீப் பிடித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, அது படுத்திருக்கிற எருமையாக முடிந்தது. முனீஸ்வரி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்த நிலையில், போகிறபோக்கில் ஒன்று சொன்னாள்: "பாத்துச் செய்யுங்க. சின்னதுல எது குறையுதோ, அதைப் பெருசுல வந்து எடுத்துக்கிருவா ஆத்தா."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அன்று முதல் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் ஆத்தா வேலை. களிமண்ணை விட்டுவிட்டார், கைக்குப் பழகிய தகரத்துக்கும் கம்பிக்கும் வந்தார். அடித்தளத்துக்கு ஒரு திராட்சைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். பலகையைவிடப் பெட்டிதான் வசதி. வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழியை அதில் வெட்டலாம். ஆயில் டின்னை வெட்டி நெளித்துக் கூரை. மூன்று கால் ஸ்டூலுக்கு மூன்று ஆணி. காலியான கண்மருந்துப் புட்டி டீசல் பீப்பாய் ஆயிற்று. இன்ஜின் தூக்குகிற சங்கிலிக்கு முனீஸ்வரியின் அறுந்த கவரிங் செயின். "நல்ல செயினக் கேக்காம விட்டீகளே" என்று கொடுத்தாள். ஷட்டருக்குத் தீக்குச்சிகளை வரிசையாகத் துணியில் ஒட்டினார். சுருட்டினால் சுருண்டது, இழுத்தால் இறங்கியது. தீக்குச்சிக்கு அன்றைக்கே இந்த வேலை கொடுத்திருந்தால் கண்ணுக்கு அந்தப் பாடு வந்திருக்காது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

ஸ்பேனர்கள்தான் உயிரை எடுத்தன. சைக்கிள் கம்பியைச் சூடுகாட்டித் தட்டி, பெரிய பட்டறையில் எத்தனை தொங்குகின்றனவோ அத்தனையும் செய்தார். பதினாலு-பதினைஞ்சு சைஸ் மட்டும் இரண்டு தடவை உடைந்தது. "இது ஒண்ணு இல்லாட்டி ஆத்தா கோவிச்சுக்கிருவாளாக்கும்" என்று விட்டுவிட்டார். மறுநாள் பெரிய பட்டறையில் பதினாலு-பதினைஞ்சைக் காணோம். மூன்று நாள் தேடினார். நாலாம் நாள் இம்மானுவேல் தன் ஜீப் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, மறதியாகக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னான். வீரணன் நம்பவில்லை. ஸ்பேனரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அன்றைக்கே சின்னதையும் அடித்து முடித்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சுவரில் ஒட்டிய பழைய காலண்டர், காலண்டர் மறைத்திருக்கிற விரிசல், கொடியில் காய்கிற காக்கிச் சட்டை, சட்டையில் இல்லாத மூன்றாவது பொத்தான் எல்லாம் வந்தன. கோம்பைக்காரர் ஒருவர் ஆறு வருஷத்துக்கு முன் விட்டுவிட்டுப் போன, ஒரு சக்கரம் இல்லாத ஜீப் மரத்தடியில் நிற்கிறது. அதையும் ஒரு சக்கரம் இல்லாமலே செய்தார். அந்த ஜீப்போடு வந்து, ஜீப்பைப்போலவே திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட கோம்பை நாய் அதன் அடியில்தான் படுத்திருக்கும். நாயை விட்டால் நாயை எடுத்துக்கொள்வாளே! அதைத் தாவாங்கட்டையைப் பிடித்து நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்துச் செய்தார். நாய் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தது; மூன்றாம் நாள் உறுமியது. பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்தைக்கூட, மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டாக வைத்துக் கும்பிட்டுக்கொண்டார்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் வேலை முடிந்தது. டிரைவர்கள் கூடிநின்று பெரிய பட்டறையையும் சின்னப் பட்டறையையும் மாறிமாறிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். எதுவும் குறையவில்லை. வீரணனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்போது இம்மானுவேல் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"எல்லாம் சரிதாண்ணே. ஒங்களத்தேன் காணோம்."

யாரும் சிரிக்கவில்லை. எது இல்லையோ அதை எடுத்துக்கொள்வாள் என்பது சாதாரணப் பேச்சாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. வீரணன் உட்கார்ந்துவிட்டார். தன்னைப்போல ஒரு பொம்மை செய்து உள்ளே வைத்தால், தன்னையும் சேர்த்து ஆத்தாளுக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். வைக்காமல் விட்டால் அவளே வந்து எடுத்துக்கொள்வாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்த நட்டு இறுகத்தான் செய்கிறது. அன்று பொரித்த மீனைத் தொடாமல் எழுந்தார். கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

விளையாட்டு வினையானது முனீஸ்வரிக்கும் புரிந்தது. "நான் சும்மா கிறுக்குத்தனமாச் சொன்னதுங்க" என்றாள். "நானும் வலியில சும்மாதேன் சொன்னேன். கண்ணைக் குடுத்துட்டாள்ல?" என்றார் அவர். அவளுக்குப் பயமாக இருந்தது. தன் வாயையே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. இரண்டு நாள் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு அவள் தண்ணீர்க் குடத்தோடு பட்டறை வாசலுக்கு வந்தாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, துணி தொங்கியது. கூடலூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய ஒருவர், "மெக்கானிக் இல்லையா?" என்று கேட்டார். நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்த டிரைவர் கையை நீட்டிக் காட்டினான்.

"இருக்காக. துணி தொங்குதுல்ல? டீக்குப் போயிருக்காக."

முனீஸ்வரி குடத்தை அங்கேயே இறக்கி வைத்தாள். கைப்பிடியிலிருந்த துணியின் ஓரத்தில் நகம் அளவுக்குக் கிழித்துக்கொண்டு தெருவைக் கடந்து டீக்கடைக்கே ஓடினாள். அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு லாரி நம்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கிழிசலை உள்ளங்கையில் வைத்தாள்.

"பொம்மையும் வேணாம், ஒண்ணும் வேணாம். சின்ன ஷட்டரையும் பாதி இறக்கி இதத் தொங்க விடுங்க. நீங்க இருக்கீக. டீக்குப் போயிருக்கீக."

வீரணன் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏ ஆத்தா!" என்றார். எந்த ஆத்தாளைச் சொன்னார் என்று டீக்கடைக்காரர் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்று மத்தியானம் முந்தின நாள் மீன் குழம்பு சட்டியோடு காலியாயிற்று.

திருவிழாக் கூட்டத்தில், அக்கினிச்சட்டி ஏந்தியவர்களுக்கு நடுவே மஞ்சள் வேட்டியோடு அவர் தலையில் பட்டறையைச் சுமந்து நடந்தார். "ஏ, ஒர்க்‌ஷாப்பு போகுதுடோய்!" என்று பின்னால் ஒரு கூட்டம். இடுப்பில் பிள்ளையும் கையில் மண் மதலையுமாக வந்த ஒரு பெண், "எதுக்கு நேந்தீகண்ணே?" என்று கேட்டாள்.

"கண்ணுக்குத் தாயி."

"கண்ணுக்கு எதுக்குப் பட்டறை?"

"அது பெரிய கதை. நீ அக்கினிச்சட்டியில இடிச்சுராம நட."

மதில் ஓரத்தில் மண் கைகளும் கால்களும் கண்களும் மதலைகளும் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒதுக்கி இடம் பண்ணிப் பட்டறையை வைத்தார். வைத்த பிறகு கையை எடுக்க மனம் வரவில்லை. நாலு மாத மத்தியானமெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கீழே விழுந்திருந்த நாயை எடுத்து ஜீப்புக்கு அடியில் சரியாகப் படுக்கவைத்தார். பிறகு தீக்குச்சி ஷட்டரை விரல் நுனியால் பாதிக்கு இறக்கினார். துணியைத் தொங்கவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டுச் சத்தமாகவே சொன்னார்: "ஆத்தா, டீ குடிக்கப் போறேன்."

"சொன்னது சொன்னபடி இருக்கணும்" என்றாள் முனீஸ்வரி. "வாங்க, குடிச்சிருவோம்."

எதிரே இருபதடி தூரத்தில் திருவிழாவுக்குப் போட்ட டீக்கடை. கிளாஸ் கையில் சுட்டது. அவர் குடிக்கவில்லை. வலது உள்ளங்கை வலது கண்ணுக்குப் போயிற்று. போகிற வருகிற தலைகளின் இடைவெளியில் இடது கண் தேடியது. மண் கை, மண் கால், மதலை, மதலை, அதற்கும் அந்தப் பக்கம் தகரக் கூரை. கூரைக்குக் கீழே, பாதி இறங்கிய ஷட்டரில், நகம் அளவுக்குக் கறுப்பாக ஒரு துணி ஆடியது.

கையை இறக்கிவிட்டு வீரணன் டீயைக் குடித்தார்.