உறவில்லாத ரெப்ரி

எங்கள் பாம்பன் தீவில், அக்காள்மடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பந்து மைதானத்தை இப்போது எல்லோரும் ஸ்டேடியம் என்கிறார்கள். ஒரு பக்கம் ஐந்து வரிசை சிமெண்டுப் படி, மற்ற மூன்று பக்கமும் இடுப்பளவுச் சுவர், நடுவில் புல்லென்று பேருக்கு ஏதோ கொஞ்சம். இதை ஸ்டேடியம் என்றால் என் வீட்டு மொட்டை மாடியை விமான நிலையம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வெளியூர்க்காரன் எவனாவது அதைப் பார்த்துச் சிரித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். அந்த இடத்தைக் கேலி செய்கிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு என்று எனக்கு ஒரு நினைப்பு.

நான் 1974இல் இங்கே வேலைக்கு வந்தேன். டெலிபோன் லைன்மேன். சொந்த ஊர் ராமநாதபுரம் தாண்டிச் சிக்கலுக்குப் பக்கம். வீட்டில் எல்லோரும் விவசாயம். கடலைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. அப்போது பஸ் பாலம் கிடையாது, ரயிலில்தான் தீவுக்குள் வரவேண்டும். வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியம் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். வாசலில் இரண்டு பேர் நின்றார்கள்.

"புதுசா லைன்மேன் வந்திருக்காராமே. நீங்களா? கொஞ்சம் அவசரம், வாங்க."

எங்கோ கம்பி அறுந்துவிட்டது என்று நினைத்து, கட்டிங் பிளேயர், கயிறு, பெல்ட் எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர்கள் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை. பொட்டல் மணலில் நூறு பேர் கூடி நின்றார்கள். கையில் ஒரு சிவப்புத் துணி கட்டிய குச்சியைக் கொடுத்தார்கள். பாம்பனிலிருந்து வரவேண்டிய லைன்மேன், அதாவது கோட்டோரம் கொடி பிடித்து ஓடுகிற ஆள், அன்றைக்கு வரவில்லையாம். ஊருக்குள் ஒரு லைன்மேன் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் ஆளனுப்பி விட்டார்கள்.

"அண்ணே, நான் போஸ்ட்டு ஏறுற லைன்மேன்" என்றேன்.

"அதனால என்ன, லைன்மேன்னா லைன்மேன்தான? நில்லுங்க."

என் அதிர்ஷ்டம், மதுரையில் ஐ.டி.ஐ. படித்தபோது விடுதிப் பையன்களோடு பந்து உதைத்த பழக்கம் கொஞ்சம் இருந்தது. பெல்ட்டையும் கயிற்றையும் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு நின்றேன்.

அப்போது அது மைதானமே இல்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடந்த வெட்டவெளி. வாரம் முழுக்க அங்கே கருவாடு காயும், வலை காயும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்கள் கருவாட்டைக் கூட்டி அள்ளிவிட்டு, "ஓய், எங்க இடத்த நாளைக்குக் காலையில திருப்பிக் குடுத்துரணும்" என்று எச்சரித்துவிட்டுப் போவார்கள். கோல் போஸ்ட் என்பது உடைந்த பாய்மரக் கட்டை. பந்தில் எப்போதும் நெத்திலி வாடை வீசும். தலையால் முட்டினால் இரண்டு நாளைக்குத் தலையிலும் வீசும். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் டாஸ் ஜெயித்தவனுக்குப் பாதி ஆட்டம் ஜெயித்த மாதிரி. வடக்கே முதுகு கொடுத்து ஆடுகிறவனுக்குக் காற்றே கோல் அடித்துக் கொடுக்கும்.

கிழக்குத் தெரு, மேற்குத் தெரு என்று இரண்டு அணி. அன்றைக்கு விசில் ஊதிய ரெப்ரி, கிழக்குத் தெருவுக்குக் கோல் காக்கிற கோலிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. அவர் மேற்குத் தெருவுக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்தார். சரியான பெனால்டிதான். ஆனாலும் ஊரே உள்ளே இறங்கிவிட்டது. "சித்தப்பன் ஊதுனா இப்புடித்தான் ஊதுவான்" என்று ஒருத்தர், "போன வாரம் ஒன் மச்சான் ஊதுனப்ப எங்கன போயிருந்த" என்று இன்னொருத்தர். மேற்குத் தெரு ரெப்ரி ஊதினால் அவர் யாருக்காவது மாமன். இரண்டு தெருவும் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். சட்டையைப் பிடித்து அடித்துக்கொள்ளும்போதுகூட "மச்சான், கைய எடுறா" என்றுதான் பேச்சு வரும். சண்டை ஓயாதபோது கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. கருவாட்டுக் கூடையோடு நின்ற யாரோ.

"அந்தா கொடி பிடிச்சு நிக்கிறாருல்ல, அவர ஊதச் சொல்லுங்க. அவருக்குத்தான் இங்கன யாருமில்லையே."

எனக்குச் சுருக்கென்றது. ஊருக்குப் புதுசு, பேச ஆளில்லை, ஓட்டல் சாப்பாடு. அதை இப்படி நூறு பேர் நடுவில் சொல்ல வேண்டுமா? ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் சண்டை அடங்கியது. விசிலைக் கையில் கொடுத்தார்கள். நான் அந்தப் பெனால்டியையே மறுபடி கொடுத்தேன், யாரும் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அது எழுதாத சட்டமாகிவிட்டது. மைதானத்தில் இருக்கும் எவனும் எந்த உறவுமுறை சொல்லியும் கூப்பிடாத ஆள்தான் அங்கே ஊதலாம். அந்தத் தீவில் அப்படிப்பட்டவன் நான் ஒருவன்தான். கிழக்கிலும் மேற்கிலும் எல்லோருக்கும் நான் "லைன்மேன் சார்". கல்யாண வீடுகளுக்குப் பத்திரிகை வரும், போவேன். பந்தியில் "மாமாவுக்குக் குழம்பு ஊத்து, அண்ணனுக்குச் சோறு வை" என்று ஓடுகிறவர்கள் என்னிடம் வந்ததும் "சாருக்கு என்ன வேணும்?" என்பார்கள். மரியாதைக்குக் குறைவே இல்லை. சில நாள் அந்த மரியாதை எரிச்சலாக இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விசிலை ஊதியதும் இருபத்திரண்டு பேரும் அப்படியே நிற்பதைப் பார்த்தால் அந்த எரிச்சல் போய்விடும்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, மனைவி வந்து, ஒரு மகளும் பிறந்தாள். இவர்களும் "சார் வீட்டம்மா", "சார் மக" என்றே ஆனார்கள்.

பஸ் பாலம் திறந்த பிறகு மண்டபம், காரங்காடு என்று வெளி அணிகள் வேனில் வர ஆரம்பித்தன. மணலில் கால் புதைகிறது என்று அவர்கள் புலம்பினார்கள். அப்போது நான்தான் பெரிய மேதாவி மாதிரி ஒரு யோசனை சொன்னேன். எங்கள் ஊர்க் கண்மாய் மண்ணை லாரியில் கொண்டுவந்து மேலே பரப்பினால் தரை இறுகிவிடும். பரப்பினோம். வெயில் காலம் முழுக்கத் தரை சிமெண்டு மாதிரி இருந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஐப்பசியில் முதல் மழை விழுந்தது. மைதானம் நாற்று நடத் தயாராகிவிட்டது. கார்னர் அடிக்கப் போனவன் கணுக்கால் வரை புதைந்து நின்றான்.

"சார், ஒங்க ஊரு மண்ணு காலப் பிடிச்சா விடமாட்டேங்குதே" என்று கோலி கத்தினார். கடல் மணலை மறுபடி அள்ளிப்போட்டு மிதித்து மிதித்து, இரண்டும் கலந்து, கடைசியில் ஒரு மாதிரி நல்ல தரையாகிவிட்டது. இன்றைக்கும் அங்கே தோண்டினால் கறுப்பும் வெளுப்புமாகக் கலந்துதான் வரும்.

இடையில் ஒரு வருஷம் சில வாரம் ஆட்டமே நடக்கவில்லை. அக்கரையில், இலங்கையில், சண்டை மூண்டு, படகில் வந்து இறங்கிய குடும்பங்களை அந்த மைதானத்தில்தான் தங்க வைத்திருந்தார்கள். தார்ப்பாய்க் கொட்டகைகளுக்கு நடுவே நடந்து போனபோது எனக்கு ஓர் அற்பத்தனமான எண்ணம் வந்தது: இவர்களும் என்னைப் போல இங்கே யாருமில்லாதவர்கள் அல்லவா. அது ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டியின் தகப்பன் கிழக்குத் தெருவிலிருந்து அக்கரைக்குப் போனவர் என்று தெரிந்தது. மறுநாள் பாதிப் பேருக்குச் சித்தியும் மாமனும் கிடைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் மேற்குப் பக்கம் அந்த ஐந்து வரிசைப் படி கட்டினார்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் இறங்கும், நல்ல யோசனை. சிமெண்டு காயும் முன்னாலேயே கிழக்குத் தெரு வடக்குப் பாதியையும் மேற்குத் தெரு தெற்குப் பாதியையும் பிடித்துக்கொண்டன. அந்தப் படியில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் ஏதாவது ஒரு பாதியில் அல்லவா உட்கார வேண்டும்.

மகள் ராமநாதபுரத்தில் நர்சிங் முடித்து வேலைக்குப் போனாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அய்யா, எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்கு. மேற்குத் தெரு. ஒங்களுக்குத் தெரிஞ்சவருதான்."

எனக்கு நன்றாகத் தெரிந்தவன்தான். இடது ஓரத்தில் ஓடுவான். விசைப்படகில் போகிறவன், நல்ல கால், கொஞ்சம் அவசரக்காரன். அவனுக்கு நானே பலமுறை மஞ்சள் அட்டை காட்டியிருக்கிறேன். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேற மதம், கடல் தொழில், ஊரில் சாதிசனம் என்ன பேசும் என்று அழுதாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மதத்தையும் சாதிசனத்தையும் பற்றி நான் கவலைப்படுகிறேன் என்று மகள் நினைத்துக்கொண்டாள். நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. இந்தக் கல்யாணம் நடந்தால் மேற்குத் தெருவில் பாதிப் பேருக்கு நான் மாமன். அவர்கள் வழியாகக் கிழக்குத் தெருவுக்கும் ஏதோ ஒரு முறை வந்துவிடும். அதற்கப்புறம் நான் எப்படி ஊதுவது?

யோசித்துச் சொல்கிறேன் என்று நாளைக் கடத்தினேன். மனைவிக்கு என்னைத் தெரியும். இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அவள் அழுகை கோபமாக மாறியது அப்போதுதான்.

"நான் ஊர் வாய்க்குப் பயப்படுறேன், அதுல ஒரு நியாயம் இருக்கு. நீங்க ஒரு விசிலுக்குப் பயப்படுறீங்க. மக பெருசா, அந்தப் பீப்பீ பெருசா?"

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் எனக்கிருந்த ஒரே இடம் அந்த மைதானத்தின் நடுவில்தான். அதையும் கொடுத்துவிட்டால் நான் வெறும் ரிட்டயர்டு லைன்மேன். பயமாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஊதப் போனேன். அவனும் ஆடினான். இரண்டாம் பாதியில் அவன் பின்னாலிருந்து காலை வாரி ஒருத்தனை விழவைத்தான். தெளிவான ஃபவுல், பச்சைப் பிள்ளையும் சொல்லிவிடும். விசில் வாயில்தான் இருந்தது. ஊத வேண்டும் என்று மனசு சொல்லியும் மூச்சு வரவில்லை. பிறகு ஊதினேன். கூடவே சிவப்பு அட்டையையும் எடுத்துக் காட்டினேன். அது சிவப்புக்கு உரிய தப்பில்லை. முதலில் அவனுக்காகத் தயங்கினேன், பிறகு தயங்கியதை மறைக்க அவனை வெளியே அனுப்பினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். கல்யாணம் முடிவாகும் முன்னாலேயே என் கண்ணில் உறவு விழுந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போய் மகளிடம் சரி என்றேன்.

கல்யாணம் மாதா கோயிலில் நடந்தது. என் சொந்த ஊரிலிருந்து ஒரு வேன் ஆட்கள் வந்தார்கள், இரண்டு வேன் ஆட்கள் வரவில்லை. பந்தியில் யாரோ ஒரு பையன் வாளியோடு வந்து, "மாமா, இன்னும் ரெண்டு துண்டு வைக்கவா?" என்றான். என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரமானது. அடுத்த ஞாயிறு விசில் என்னிடம் வரவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் போகவில்லை.

அந்த வருஷம் கோயில் திருவிழா ஆட்டத்துக்கு, வங்கிக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஓர் இளைஞனை ரெப்ரியாகப் பிடித்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம். தீவில் அவனுக்கு ஒருத்தரையும் தெரியாது. மகளும் சம்பந்தியும் என்னை இழுத்துக்கொண்டு போய்த் தெற்குப் பாதியில், இரண்டாவது படியில் உட்கார வைத்தார்கள். நடுவிலிருந்து பார்த்துப் பழகியவனுக்கு ஓரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் கோணலாகத் தெரிகிறது. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

ஆட்டம் முடியச் சற்று நேரம் இருக்கும்போது, எங்கள் படிக்கு நேர் எதிரே, மாப்பிள்ளை பந்தைத் தடுத்து இறக்கி ஒரே உதையில் கோலுக்குள் அனுப்பினான். தெற்குப் பாதி மொத்தமும் எழுந்து குதித்தது. விசில் சத்தம் கேட்டது. கையில் பட்டது, கோல் இல்லை என்று அந்த இளைஞன் கையைக் காட்டினான்.

கையில் பட்டதுதான். முழங்கைக்குக் கீழே, சத்தம்கூட எனக்குக் கேட்டது. ஆனால் நான் எப்போது எழுந்தேன், எப்போது படியிலிருந்து இறங்கிக் கோட்டுப் பக்கம் போனேன் என்று எனக்கே தெரியாது.

"ஏலே, கண்ண எங்கன வச்சுக்கிட்டு ஊதுற? கையில படல! நான் பாத்தேன், படல!"

மைதானம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை ஊரில் யாரும் கேட்டதில்லை. அந்த இளைஞன் நிதானமாக என் பக்கம் நடந்து வந்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது.

"பந்தை அடிச்சவர் உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டான்.

"மருமகன்" என்றேன். கல்யாணம் முடிந்து அத்தனை மாதமாகியும் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப போய் உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, பந்தை எதிர் அணிக்குக் கொடுத்தான்.

நல்ல ரெப்ரி. மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சம்பந்தி நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.