யோகராணிக்குக் களைப்பே இல்லை

யோகராணி நன்றாகத் தூங்குகிறவர். தலையணையில் தலை வைத்தால், விடியும்வரை வீட்டுக் கூரையைக் கழற்றிக்கொண்டு போனாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் இதை மெல்பேர்ணில் ஒருவரும் நம்பவில்லை. காரணம் அவருடைய மேல் இமைகள். நாற்பதைத் தாண்டியதும் சரியத் தொடங்கியவை, ஐம்பதில் கண்ணின் பாதியை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன.

ரோவில் புறநகரில் ஒரு மருத்துவ நிலையத்தில் அவருக்கு வரவேற்பாளர் வேலை. வருகிற நோயாளர்கள் தங்கள் இருமலையும் இடுப்பு வலியையும் மறந்து அவருக்காக இரங்கினார்கள். ஒரு கிழவர் தன் முறை வந்தபோது, “நீ முதலில் உள்ளே போய்க் காட்டம்மா, நான் பொறுத்துக்கொள்கிறேன்” என்று ஆங்கிலத்தில் இடம் விட்டுக்கொடுத்தார். சாரதி அனுமதிப்பத்திரத்துக்குப் படம் எடுத்த இளைஞன், கண்ணைத் திறக்கும்படி திரும்பத் திரும்பக் கேட்டான். திறந்துதான் இருக்கிறது என்று யோகராணி சொன்ன பிறகு அவன் மன்னிப்புக் கேட்ட விதம்தான் அவரை அதிகம் நோகச் செய்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது 2005இல், ஒரு செத்தவீட்டில். இறந்தவர் அவருடைய கணவர் கேதீஸ்வரனோடு ஒரு காலத்தில் வேலை செய்தவர்; யோகராணி அவரை உயிரோடு பார்த்ததே இல்லை. மரியாதைக்காகப் போய்ப் பின்வரிசைக் கதிரையில் இருந்தார். வந்தவர்கள் நேரே அவரிடம் வந்தார்கள். வயதான ஒரு அன்ரி அவரை இறுக்கிக் கட்டிப்பிடித்தார்.

“மனதைத் திடப்படுத்துங்கோ பிள்ளை. பிள்ளையளுக்காகவாவது சாப்பிடவேணும்.”

“இல்லை அன்ரி, நான் சும்மா…”

“கதையாதேங்கோ. அழுதால்தான் ஆறும்.” கண் துடைக்கக் கையில் ஒரு லேஞ்சியையும் திணித்துவிட்டுப் போனார். இறந்தவரின் உண்மையான மனைவி, முழு விழிப்போடு, முன்வரிசையில் ஆறுதல் சொல்ல ஆளில்லாமல் இருந்தார்.

திரும்பி வரும்போது காருக்குள் யோகராணி சொன்னார்:

“இஞ்சருங்கோ, நான் இமையை வெட்டப் போறன்.”

“என்னத்தை?” கேதீஸ்வரனின் கார் ஒருமுறை குலுங்கியது. “இந்த வயசில உனக்கேன் உந்த வடிவு? ஆருக்குக் காட்ட?”

“வடிவுக்கில்லை. சனம் உங்களைப் பற்றி என்ன நினைக்குது தெரியுமே? மனுசியை நித்திரை கொள்ள விடாமல் வேலை வாங்கிறார் எண்டு.”

அடுத்த சிக்னலில் கேதீஸ்வரன் காரை நிறுத்தினார். பிறகு கேட்டார்: “நல்ல டொக்டர் ஆராம்?”

மெல்பேர்ணில் செய்தால் சனம் கூடும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிடும் என்பதால், சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த தங்கை கமலினி வீட்டுக்குப் போனார். சத்திரசிகிச்சை அவர் பயந்த அளவுக்கு இல்லை. விறைப்பூசி போட்டு, மிஞ்சிய தோலை மடிப்போடு எடுத்து, மெல்லிய நூலால் தைத்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோவு குறைவு, கோலம்தான் பயங்கரம். இரண்டு கண்களும் கன்றி, ஊதா நிறத்தில் வீங்கின. குனியாமல், பாரம் தூக்காமல், தலையை உயர்த்திப் படுத்துக்கொண்டு, குளிர்ந்த துணியைக் கண்ணில் வைத்தபடி கிடந்தார்.

அவரை அழைத்துப்போகக் கேதீஸ்வரன் வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி வேலி ஓரம் நின்றார். முதல் நாள் யோகராணியின் முகத்தைப் பார்த்திருந்தார். கேதீஸ்வரன் “குட் மோர்னிங்” சொன்னார். பதில் வரவில்லை. அவர் கதவைத் தாண்டி உள்ளே போகும்வரை அந்தப் பார்வை முதுகைச் சுட்டது.

“என்னப்பா இது? வெட்டினாலும் நான்தான் குற்றவாளியோ?” என்றார். சிரிக்கக் கூடாது, தையல் இழுபடும் என்று டொக்டர் சொல்லியிருந்ததால், யோகராணி வாயை மட்டும் திறந்து சத்தமில்லாமல் சிரித்தார். கமலினி போய்ப் பக்கத்து வீட்டில் விளக்கம் சொல்லிவிட்டு வந்தாள். பின்னேரம் அந்தப் பெண்மணி வெட்கத்தோடு ஒரு கேக் கொண்டுவந்து கேதீஸ்வரனின் கையில் கொடுத்தார்.

வீக்கம் வற்றி வேலைக்குத் திரும்பியபோது என்ன மாறியது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. தலைமயிர் வெட்டியிருக்கிறார் என்றார்கள், மெலிந்துவிட்டார் என்றார்கள். யோகராணி எல்லாவற்றுக்கும் “ஓம்” என்றார். கண்ணாடி முன்னால் நின்று தன் கண்ணின் வெள்ளையை ஆசையாகப் பார்த்தார்.

வினை தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் வந்தது. விழாக்களை நடத்துவது ரஞ்சினி. அவர் கண்ணைச் சுருக்கி முறைத்துக் கேட்டால் மறுத்தவர் கிடையாது. இத்தனை வருடமும் அவர் யோகராணியைத் தாண்டித்தான் போவார். “பாவம், அவவை விடுங்கோ.” இந்த முறை நின்றார்.

“யோகா, நல்ல உசாராய் இருக்கிறியள். வடைப் பக்கம் நீங்கள்தான்.”

“நானோ?”

“வேற ஆர்? மற்றவையைப் பாருங்கோ, எல்லாரும் களைச்சுப்போய் நிக்கினம்.”

மண்டபத்துக் குசினியில், கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால், நாள் முழுக்க வடை சுட்டார் யோகராணி. அந்தச் சரிந்த இமைகள் எத்தனை வேலைகளிலிருந்து தன்னைக் காப்பாற்றியிருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் புறுபுறுத்தார். ஆனால் குசினியில் பெண்கள் அவரோடு கதைத்த கதை வேறு விதமாக இருந்தது. இரக்கப்பட்டு மெதுவாகப் பேசாமல், சத்தமாகப் பகிடி விட்டார்கள், சண்டை பிடித்தார்கள். அடுத்த வருடம் கேட்பதற்கு முன்னரே உளுந்து எவ்வளவு ஊறப்போடுவது என்று ரஞ்சினிக்குத் தொலைபேசி எடுத்தார்.

அந்த அழைப்பின் முடிவில்தான் ரஞ்சினி குரலைத் தாழ்த்தினார். “யோகா, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியளே? நீங்கள் கண்ணுக்கு ஏதோ செய்தனீங்கள்.”

“ஓம்” என்றார் யோகராணி.

“அந்த டொக்டரின்ர நம்பரைத் தாருங்கோ. எனக்கில்லை, என்ர ஒரு சிநேகிதிக்கு.”

“சிநேகிதிக்கு வலது இமைதானே கூடச் சரிஞ்சிருக்கு?”

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

விழா முடிந்த கையோடு இருவரும் சிட்னிக்குப் பறந்தார்கள். ஊரை ஆட்டிவைக்கும் ரஞ்சினி, டொக்டர் பேனாவால் இமையில் கோடு போடத் தொடங்கியதும் யோகராணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டொக்டர்,” என்று யோகராணி ஆங்கிலத்தில் சொன்னார், “அளவாக எடுங்கள். எங்களைக் கண்ணைச் சுருக்கி முறைக்க இவருக்குக் கொஞ்சம் தோல் வேண்டும்.”

டொக்டர் பேனாவை எடுத்துவிட்டுச் சிரித்தார். கோடு பாதியில் நிற்க, ரஞ்சினி யோகராணியை முறைத்தார். கையை மட்டும் விடவில்லை.