ஒன்றரைன்னு போட்டுக்கங்க

ஆரணியில் நெய்து முடித்த சேலையை நூல் கொடுத்த முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போனால், கூடத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்ப்பார்கள். பார்ப்பவர் வாயைத் திறக்க மாட்டார். அவர் கை ஒரே இடத்துக்கு இரண்டாம் தடவை திரும்பி வந்தால் அங்கே குறை இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டால் சேலை தேறிவிட்டது. குறை என்று அவர் சொன்ன நொடியே நாம் மறுத்துப் பேச ஆரம்பித்துவிட வேண்டும். ஒப்புக்கொண்டால் சேலை இரண்டாம் தரத்துக்குப் போய்விடும். இந்த வித்தையில் என் மாமனாரை மிஞ்ச ஊரில் ஆளில்லை. விரல் நுழையும் ஓட்டையைக்கூட ஃபேன் காற்றில் அப்படித் தெரிகிறது என்பார்.

இந்த மனிதரைக் கூட்டிக்கொண்டுதான் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சை அறைக்குள் போக வேண்டியதாயிற்று. என் மகள் இரண்டரை மாதம் முந்திப் பிறந்து, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில், மூச்சு விடும் மெஷினோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். இரண்டு பேர்தான் உள்ளே வரலாம். மனைவி ஆபரேஷன் ஆகி மேல்மாடியில் படுத்திருந்ததால், அவள் இடத்துக்கு அவள் அப்பா வந்தார். பச்சை அங்கியும் குல்லாயும் மாட்டியதும் தன்னையே டாக்டர் என்று நினைத்துக்கொண்டார்.

குழந்தைகள் டாக்டரம்மா தானே ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். இதயத்தைப் பார்க்கத் தனி டாக்டர் வரமாட்டாரா என்று கேட்டேன்.

"அவர் வந்து பாத்துட்டாருங்க. இதயத்தோட அமைப்பு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. ரத்தம் இப்ப எந்தப் பக்கம் போகுது, நான் குடுக்கிற மருந்து கேக்குதா, இதெல்லாம் நானே அப்பப்ப பாத்தாதான் எனக்குத் தெரியும்."

"நூல் குடுத்தவங்களே சேலையப் பாக்கறதுதாங்க முறை," என்றார் மாமா. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதைக்குத் தலையாட்டினார்.

என் மூன்று விரல் அகலம்கூட இல்லாத மகளின் நெஞ்சில் ஜெல்லியைத் தடவி ஸ்கேன் குச்சியை வைத்தார். திரையில் சிவப்பும் நீலமும் துடித்தன. குச்சி ஒரு இடத்துக்குப் போய், விலகி, மறுபடியும் அங்கேயே வந்தது. நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்றாம் தடவையும் வந்தது.

"கொறை இருக்குது மாப்ள," என்று காதில் சொன்னார்.

இருந்தது. வயிற்றுக்குள் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலையில்லை, அதனால் ரத்தம் போக ஒரு குறுக்கு வழி உண்டு, பிறந்ததும் அது மூடிக்கொள்ள வேண்டும், இவள் முந்திக்கொண்டதால் மூடவில்லை என்றார் டாக்டரம்மா. ரத்தம் அந்த வழியாக நுரையீரலில் போய் நிறைவதால்தான் மெஷினை எடுக்க முடியவில்லையாம்.

"ரெண்டு மில்லிமீட்டர் திறந்திருக்கு."

"அது லைட்டுல அப்பிடித் தெரியுதுங்க," என்றார் மாமா. "கொஞ்சம் சாஞ்சி பாருங்க."

"அளந்துதான் சொல்றேங்க."

"ஒன்றரைன்னு போட்டுக்கங்களேன்."

எனக்கு மானம் போயிற்று. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நான் போட்டா குறையாதுங்க ஐயா," என்று சொல்லிவிட்டு மருந்து எழுதினார். அது காய்ச்சலுக்குக் கொடுக்கிற மருந்துதான். கொழந்தைக்குக் காய்ச்சலே இல்லையே என்று மாமா அதற்கும் ஒரு வழக்கு ஆரம்பித்தார். இந்த மருந்துக்கே சில குழந்தைகளுக்கு அந்த வழி மூடிக்கொள்ளுமாம். மூடாவிட்டால் சென்னைக்கு அனுப்பி அடைக்க வேண்டும். கையளவு உயிரை மெஷினோடு ஆம்புலன்ஸில் ஏற்றி அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டியிருக்கும். வழியிலேயே போய்விடுவாள் என்று பயந்தேன்.

வெளியே வந்ததும் மாமாவிடம் பாய்ந்தேன். "இன்னா மாமா இது? உள்ள இருக்கிறது சேலையா?"

"கொறைன்னு சொன்னா ஒத்துக்கினு வந்துடறதா? உங்க பொண்ணு மாப்ள அது."

மாடிக்குப் போய் மனைவியிடம் இரண்டு மில்லிமீட்டர் என்றேன்.

"அப்பா எவ்ளோ கேட்டாரு?"

"ஒன்றரை."

"ஒண்ணுன்னு கேட்டிருக்கணும்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். பைத்தியக்காரக் குடும்பத்தில் பெண் எடுத்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா மறுபடியும் அளந்தார். ஒன்றரை. மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். லிஃப்ட் ஓட்டுகிறவர் வரைக்கும் சொல்லிவிட்டார். மருந்துதான் மாமா காரணம் என்றேன். மருந்தும் கொஞ்சம் வேலை செய்திருக்கும் என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது தடவை பார்ப்பது சென்னையா இல்லையா என்று முடிவு செய்வதற்கு. அன்றைக்கு மனைவி சக்கர நாற்காலியில் வந்துவிட்டதால் மாமா அங்கியும் குல்லாயுமாகக் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

"வுட்டுக் குடுத்துடாதீங்க மாப்ள," என்று சொல்லி அனுப்பினார்.

குச்சி அந்த இடத்துக்குப் போயிற்று. விலகிற்று. மறுபடியும் வந்தது. என்னை அறியாமல் வாய் திறந்தது.

"மேடம், ஒண்ணுமில்லன்னு போட்டுக்கங்க."

மனைவி என் கையை நகம் பதியப் பிடித்தாள். டாக்டரம்மா பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். பிறகு குச்சியை எடுத்து, மகளின் நெஞ்சைப் பஞ்சால் துடைத்து, மேலே கிடந்த சின்னத் துணியை நான்காக மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

நாங்கள் இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். மாமா குல்லாயைக் கழற்றி முகத்தில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"மூடிடுச்சுங்க," என்றார் டாக்டரம்மா. பிறகு எங்களை விசித்திரமாகப் பார்த்தார். "என்ன ஆச்சுன்னு யாருமே கேக்கலையே?"

"அதான் மடிச்சி வெச்சிட்டீங்களே மேடம்," என்றாள் என் மனைவி.