ஆறு மூட்டை வந்திருக்குமா?

பச்சை ராகித் தாள் நசுங்கினால், அறுத்த புல்லில் லேசாகப் பால் தெளித்ததுபோல ஒரு வாசனை வரும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு கார்த்திகை மாதக் காலையில், பென்னாகரத்துக்கு மேற்கே இருந்த எங்கள் இரண்டு ஏக்கர் முழுக்க அந்த வாசனையும் யானைச் சாணத்தின் நெடியும் கலந்து கிடந்தன. எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைத்தான் "காடு" என்போம். மரங்கள் நிற்கும் காட்டுக்குப் பெயர் "பாரஸ்ட்டு". பாரஸ்ட்டிலிருந்து இறங்கிய யானைக் கூட்டம் எங்கள் காட்டின் ஓரத்தில் நாலு சால் மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் தின்றும் மிதித்தும் போயிருந்தது. அறுப்புக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

என் அப்பாவுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. கதிர் பால் பிடித்ததும் பலரும் அவரைத் தங்கள் காட்டுக்குக் கூட்டிப்போவார்கள். அவர் நடுவில் இறங்கி, முழச் சதுரத்துக்குள் நிற்கும் கதிர்களை எண்ணி, ஒரு கதிரைக் கைக்குள் மூடிப் பார்த்து, இன்னும் இரண்டு இடங்களில் அப்படியே செய்துவிட்டு, இத்தனை மூட்டை வரும் என்பார். களத்தில் அடித்துத் தூற்றி மூட்டை கட்டும்போது ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும், அவ்வளவுதான். எங்கள் காட்டுக்கு அந்த வருஷம் அவர் சொன்னது பதினெட்டு.

"வூட்டுக்கு அஞ்சு போவ, மிச்சத்த சந்தையில போட்டுட்டா இந்த வருசம் பெங்களூர் போவ வேணாம்" என்று அவர் அம்மாவிடம் சொன்னது எனக்குப் பாடம்போல மனதில் பதிந்திருந்தது. முந்தைய வருஷம் அவர்கள் இருவரும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த எட்டு மாதமும் நான் காரிமங்கலத்தில் சித்தி வீட்டில் இருந்தேன்.

நாலாம் நாள் நஷ்டஈட்டுக்காகச் சேதத்தைக் கணக்கெடுக்க ஆபீசர் வந்தார். கெட்டவர் இல்லை. வெயிலில் நடந்து வந்தவருக்கு அம்மா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு நன்றியாகச் சிரித்தார். எங்களுக்கு முன்னால் அவர் பார்த்துவிட்டு வந்தது மேட்டுத்தெருக்காரரின் அரை ஏக்கர்; அந்தச் சின்னக் கணக்கே மனதில் நின்றிருக்க வேண்டும். வரப்பில் நின்றபடியே நோட்டைத் திறந்து கேட்டார்.

"ஒரு ஆறு மூட்டை வந்திருக்குமா?"

அப்பா காட்டைப் பார்த்தார். மிதிபட்டு மண்ணோடு ஒட்டிக் கிடந்த தாளைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"ஆறுக்கு மேலயே வருங்க, சார்."

"மேலன்னா?"

"ஒரு எட்டு வருங்க."

சாட்சிக்கு வந்திருந்த பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஆபீசர் கேட்டார். அவரும் யோசித்துவிட்டு, "ஏழு எட்டு வருங்க" என்றார். அவரை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை. போன வாரம்வரை பதினெட்டு என்று தலையாட்டியவர்தான் என்றாலும், அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "பதினெட்டுப்பா" என்றேன். ஆபீசர் காதில் விழுந்துவிட்டது. "பாப்பா கணக்கு பெருசா இருக்கே" என்று சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்தார். அம்மா மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். நோட்டில் எட்டு ஏறியது.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

"பதினெட்டுன்னு ஏங்க சொல்லல?"

அப்பா, "பயந்துகிட்டு சொல்லலன்னு நெனைக்காத. அவரு ஆறுன்னு சொன்ன ஒடனே எனக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சுது. பதினெட்டு எங்கிருந்து வந்துச்சுன்னே எனக்கு வெளங்கல. எட்டுன்னு சொல்லும்போது, நெறையா சொல்லிட்டமோன்னுதான் இருந்துச்சு" என்றார்.

எட்டு மூட்டைக்கு உண்டானது வந்தது. தை பிறந்ததும் அவர்கள் பெங்களூர் போனார்கள், நான் சித்தி வீட்டுக்குப் போனேன். பஸ் ஏற்றிவிடும்போது அம்மா, "ரெண்டு மாசத்துல வந்துடுவோம்" என்றாள். இரண்டு என்று அவள் சொன்னதால் நானும் இரண்டு என்றே நம்பி எண்ணத் தொடங்கினேன். திரும்பி வரப் பதினொரு மாதம் ஆயிற்று.

இப்போது நான் தர்மபுரியில், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலையில் இருக்கிறேன். சேர்ந்த புதிதில் நடந்த பயிற்சியில், கேள்விக்குள்ளேயே ஒரு எண்ணைப் போட்டுக் கேட்காதீர்கள், கேட்பவர் சொல்லும் எண்ணைச் சுற்றியேதான் பதிலும் வரும் என்று சொன்னார்கள். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை மூடிவிட்டு வெளியே வந்து குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

போன மாதம் அப்பாவை நெஞ்சு வலிக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "வலி ஒரு வாரமா இருக்குமா?" என்று டாக்டர் கேட்டார். "பத்து நாள் இருக்குங்க" என்றார் அப்பா. பொங்கலிலிருந்தே இருக்கிறது, நாலு மாதம் ஆகிறது என்று நான் குறுக்கிட்டுச் சொன்னேன். டாக்டர் திரும்பவும் அப்பாவைப் பார்த்தார். "அவ்வளவெல்லாம் இல்லீங்க. ஒரு பதினஞ்சு நாள்" என்றார் அப்பா, நான் ஏதோ மிகைப்படுத்திவிட்டதைச் சரிசெய்வதுபோல.

எங்கள் ஊரில் இப்போது ராகி விதைப்பவர்கள் இல்லை. எங்கள் இரண்டு ஏக்கரிலும் முள் மண்டிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, வழியில் யாரோ கிணற்றுத் தண்ணீரில் போட்டிருந்த ராகிக் காடு ஒன்று பஸ் ஜன்னலில் தெரிந்தது. கதிர் பால் பிடித்திருந்தது. பல வருஷமாக அவரிடம் கேட்காததை அன்று கேட்டேன்.

"அது எத்தன மூட்டைப்பா வரும்?"

அவர் கழுத்தை நீட்டி, காடு கண்ணில் இருக்கும்வரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ எவ்வளவுன்னு நெனைக்கிற?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் எதைச் சொன்னாலும் அவர் அதைச் சுற்றியேதான் சொல்லியிருப்பார்.