பெயருக்குப் பின்னால் பி.எட்.

தங்கப்பொண்ணுவுக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் ஆயாம்மா. வயது என்னவோ முப்பத்தொன்றுதான். கோச்சடையில் உள்ள அந்தப் பள்ளியின் எல்.கே.ஜி. வகுப்பில் ஸ்வர்ணா மிஸ் பாடம் நடத்துவார். மற்றதையெல்லாம் தங்கப்பொண்ணு நடத்துவாள். மூக்குச் சிந்திவிடுவது, சோறு ஊட்டுவது, சுண்டுவிரல் காட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் அவள் பாடு. ஜூன் மாதம் கேட்டைப் பிடித்துக்கொண்டு அலறும் பிள்ளைகள் அவள் இடுப்பில் ஏறியதும் அடங்கிவிடும். இப்படி ஒரு கைராசிக்காரிக்கு டீச்சர் ஆகும் ஆசை வந்ததுதான் வினை.

அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் முடித்தாள். பிறகு, பரீட்சைக்கும் பயிற்சிக்கும் வந்தால் போதும் என்று சொன்ன ஒரு கல்லூரியில் பி.எட். சேர்ந்தாள். மதியம் பாயில் படுத்திருக்கும் பிள்ளைகளை ஒரு கையால் தட்டிக்கொடுத்துக்கொண்டே மறுகையால் பாடக்குறிப்பு எழுதினாள். வீட்டுக்குப் போகும் செக்கானூரணி பஸ்ஸில் நின்றபடியே கல்வி உளவியல் படித்தாள். குழந்தைகள் ஏன் அழுகின்றன என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னதைப் பத்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

பயிற்சிக்கு அவளைத் திருவாதவூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் போட்டார்கள். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று, “வணக்கம் டீச்சர்” என்று ராகம் இழுத்தார்கள். பின்னால் யாரோ வருவதாக நினைத்துத் தங்கப்பொண்ணு திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அந்த ராகத்தை ஆயுசுக்கும் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. வேறெதற்கும் அவள் ஆசைப்படவில்லை.

தேறிவிட்டாள். ஆனால் போன பள்ளிகளிலெல்லாம் அனுபவம் கேட்டார்கள். ஆயா வேலை என்றதும், சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். எவரும் சொல்லியனுப்பவில்லை. கடைசியில் அவள் வேலை பார்த்த பள்ளியிலேயே ஆறாம் வகுப்புத் தமிழுக்கு இடம் காலியானது. தாளாளர் சௌரிராஜன் பெரிய மனது பண்ணி, டெமோ கிளாஸ் எடுத்துக் காட்டச் சொன்னார்.

கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு மாடி ஏறினாள். தாளாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாடம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் கீழிருந்து ஓர் அழுகைச் சத்தம். புதிதாகச் சேர்ந்த சாய்குமார். அழுதழுது மூச்சடைத்து உதடு நீலம் பாரித்துவிடும் பிள்ளை. ஸ்வர்ணா மிஸ்ஸுக்குப் பயத்தில் கை கால் ஓடாது. தங்கப்பொண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வரி நடத்தினாள். அழுகை சட்டென்று நின்றது. சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் தூக்கித் தட்டியதும் பிள்ளைக்கு மூச்சு திரும்பிவிட்டது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே மாடி ஏறி வந்தாள். தோள்பட்டையெல்லாம் சளி. “ஆயாம்மா வந்துட்டாங்க” என்று வகுப்பே கெக்கலித்தது. தாளாளருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“பாத்தியாம்மா? ஒன்னைய மாடிக்கு அனுப்பிட்டா கீழ நான் கதவச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். தமிழ் நடத்த எத்தனையோ பேரு வருவாங்க. இதுக்கு எம்புட்டுத் தேடினாலும் ஆளு கெடைக்காது.”

“பாடம் பாதியில நிக்குது சார். முடிச்சுக் காட்டிர்றேன்.”

“பாடத்த விடும்மா. ஒன் படிப்பு வீணாப் போகாது. அதுக்கு நான் ஒரு வழி பண்றேன்.”

கெட்ட மனிதராக இருந்திருந்தால் மனதுக்குள் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருக்கலாம். அவர் மனதாரத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. அந்த வேலைக்குக் கல்லூரி முடித்த கையோடு ஸ்ரீவர்ஷினி என்ற பெண் வந்தாள். வந்த வாரமே, “அக்கா, பி.எட்.டுக்கு நீங்க வரைஞ்ச சார்ட்டெல்லாம் தர்றீங்களா?” என்று கேட்டாள். தங்கப்பொண்ணு கொடுத்தாள். பரணில் கிடந்து கரையான் தின்பதற்கு அது தேவலை.

அட்மிஷன் நேரம் வந்தது. ஒருநாள் காலையில் புருஷன் நல்லகாமன் போனில் கத்தினான்.

“ஏ தங்கம், கோச்சடை பஸ் ஸ்டாப்புல ஒன் படத்தப் போட்டு பெரிய பிளக்ஸ் வச்சிருக்காய்ங்க! பேருக்குப் பின்னாடி பி.எட்.டுன்னு போட்ருக்கு!”

தாளாளர் சொன்ன வழி இதுவாகத்தான் இருக்கும். டீச்சராகத்தான் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள். இறங்கி அண்ணாந்து பார்த்தாள். ஆளுயரத்துக்கு அவள் படம். கீழே ‘தங்கப்பொண்ணு, பி.ஏ., பி.எட்.’ மேலே கொட்டை எழுத்தில், ‘எங்கள் பள்ளியில் ஆயாக்களும் பட்டதாரிகளே!’

ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு நல்லகாமன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்குச் சந்தோஷம். இனி எந்தப் பள்ளிக்கு என்று அவள் மனுப் போடுவாள்? அந்த ரோட்டில் போகிற வருகிற அத்தனை பேருக்கும் அவள் ஆயா என்று தெரிந்தாயிற்று.

கேட்டருகே ஒரு தாய், புதிதாகச் சேர்க்க வந்த பிள்ளையை அவள் முன்னால் நிறுத்தினாள்.

“போஸ்டர்ல பாத்தேல்ல? ஒன்னையப் பாத்துக்கப்போறவுக இவுகதான். வணக்கம் சொல்லு.”

பிள்ளை கைகூப்பி, “வணக்கம் ஆயாம்மா” என்று ராகம் இழுத்தது. தங்கப்பொண்ணு குனிந்து அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.