ஓரம் கிழியாமல் கோர்த்த தாள்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். படிப்பும் பத்தாம் வகுப்போடு சரி. தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் புகுந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை பதுளையில் ஓர் அலுவலகத்தில், என் மகளின் சான்றிதழை வாங்கிய பெண் பார்க்காமலே துளை போடும் பஞ்ச் கருவியை வைத்து அழுத்தினாள். 'டக்' என்றது. எனக்குக் கோதுமை மாப் பசையின் புளித்த வாடை வந்தது. சத்தத்துக்கும் வாடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.

தொண்ணூறுகளில் நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் பைல்களைப் பார்ப்பது என் வேலை. பனியில் தாள்களெல்லாம் நமத்த அப்பளம்தான். துளை போட்டால் நூல் இழுத்து ஓரம் கிழியும். அதனால் இடது ஓரத்துக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பட்டை ஒன்றைக் கோதுமை மாப் பசையால் ஒட்டி, பட்டையில் மட்டும் துளை போடுவேன். யாழ்ப்பாணத்துப் பெரிய கிளாக்கர் ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். "உது கந்தோரோ, தையல் கடையோ?" எனக்குப் பதில் எப்போதும் வீட்டில் சோறு வடிக்கும்போதுதான் வரும்.

மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த, கொழுந்து பறிக்கும் மாரியாயி அக்கா அடையாள அட்டைக்காகப் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். யுத்த காலச் சோதனையில் அட்டை இல்லையென்று பசறை பஸ்ஸிலிருந்து இறக்கி, ஓர் இரவு முழுக்க அவரைப் பொலிசில் உட்கார வைத்திருந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை கையெழுத்து வைக்கும்வரை அசல் பைலில் இருக்க வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். பத்திரத்தின் எண் இடது ஓரத்திலேயே இருந்தது.

"ஓட்ட போட்டுறாத புள்ள. நான் பொறந்ததுக்கு வேற சாட்சி இல்ல."

பட்டை ஒட்டி, ஓர் எழுத்தும் சேதமாகாமல் கோர்த்தேன்.

துரை கையெழுத்தைத் தள்ளிக்கொண்டே போனார். அக்கா பத்திரத்தைத் திருப்பிக் கேட்டார். பைலில் ஏறின தாளைக் கழற்ற ஏலாது என்றார் ஐயா. பிறகு தோட்டம் கம்பெனிக்குக் கைமாறியது. புதுத் துரை அலுமாரிகளைக் காலி செய்யச் சொன்னார். நான் லீவில் இருந்த நாளில் பைல்களை டிராக்டரில் ஏற்றி, தேயிலை காயவைக்கும் பெக்டரி அடுப்பில் போட்டுவிட்டார்கள். அந்த எண் தெரிந்தாலாவது பதுளைப் பதிவாளர் ஆபீசில் நகல் எடுக்கலாம். நான் கிழியாமல் காத்த ஓரத்தோடு அதுவும் போயிற்று.

லயத்துக்குப் போய்ச் சொன்னேன். அக்கா சிரித்தார்.

"அப்ப நான் இன்னும் பொறக்கல."

இன்று அந்த ஆபீசும் இல்லை, அடுப்பும் இல்லை, அக்காவும் இல்லை. அட்டை கடைசிவரை வரவில்லை.

நான் லயத்தில் போய்ச் சொன்னதற்கு மறுநாள், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். "இருக்கேங்க" என்று சொல்லி, அக்கா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனார்.