ஊறுகாய் என்று சொன்ன துறவி

செத்தோ உள்கடலில் ஹியோரி என்னும் சிறு தீவில் வாழ்ந்த தொகுஸோவுக்கு வயது ஐம்பத்திரண்டு என்கிறது கோயில் ஏடு. நாற்பத்தொன்பதுதான் என்று அவன் கடைசிவரை சாதித்தான். தொழில் கடற்கொள்ளை. அதிலும் வேலை சுலபம்: தன் கூட்டத்துக்கு வரி கட்டிய கப்பலின் முகப்பில் கூட்டத்துக் கொடியோடு உட்கார்ந்திருப்பான், கொடியைக் கண்டால் மற்றக் கொள்ளையர் விலகிப் போவார்கள்.

அவனுக்கு ஒரே ஆசை. இறந்துபோன மனைவி ஓசுகிக்குப் புத்த முறைப்படி சூட்டிய தருமப் பெயர் கோயில் ஏட்டில் இருந்தது. பக்கத்து வரி வெறுமையாக இருந்தது. அந்த வரி தனக்கு வேண்டும்.

என்காய் என்னும் கோயில் துறவி மறுத்துவிட்டார். "தராததை எடுக்கக் கூடாதுன்னு புத்தர் சொல்லியிருக்காரு. உனக்கு எப்படிப்பா தருமப் பெயர் வைக்கிறது?"

"நான் எங்க சாமி எடுக்குறேன்? அவங்களாத்தான் குடுக்குறாங்க."

"கத்தியைப் பார்த்துட்டுக் குடுக்குறாங்க!"

"பார்க்கத்தானே வச்சிருக்கேன். வெட்டவா செய்றேன்?"

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கோயிலுக்கான சூத்திரச் சுருள்களை மறுகரையிலிருந்து கொண்டுவர நேர்ந்தது. துறவியே போனார், துணைக்குத் தொகுஸோ. திரும்பும் வழியில் தூறல் பிடித்தது. சுருள்கள் நனையுமே என்று பதறிய தொகுஸோ, கொடியை அவிழ்த்துப் பெட்டியின்மேல் சுற்றிக் கட்டினான். கொடியில்லாத படகைக் கண்ட வேற்றுத் தீவுக் கொள்ளையர் உடனே வந்து மறித்தார்கள்.

"பெட்டியில என்ன சாமி?" என்றான் அவர்கள் தலைவன்.

துறவி வாயில் வந்ததைச் சொன்னார். "மு... முள்ளங்கி ஊறுகாய்."

"ஊறுகாயா! ஒரு மாசமா வெறும் கருவாட்டையே கடிக்கிறோம். திறங்கடா!"

தொகுஸோ பெட்டிமேல் விழுந்து படுத்தான். "அண்ணே, ஈரக் கையை வைக்காதீங்க! அது புத்தரோட வாக்கு. சாமி பொய் சொல்றாரு."

"சாமியாவது, பொய் சொல்றதாவது! நீதான்டா திருட்டுப்பய, மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

ஏறி வந்த நால்வரும் அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள். வேறு வழியின்றித் துறவி நெற்றி பலகையில் பட விழுந்தார். "அவன் சொல்றது நிஜம். பொய் சொன்னது நான்தான்."

தலைவன் முகம் தொங்கியது. "அப்போ ஊறுகாயே இல்லியா?" பெருமூச்சு விட்டான். ஆனாலும் நால்வரும் பெட்டியைக் கும்பிட்டு, இரண்டு சரம் காய்ந்த கணவாய் மீனைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனார்கள். துறவி மீன் தொடமாட்டார்; கரை சேர்வதற்குள் தொகுஸோவே தின்று தீர்த்தான்.

"ஆளுக்கொரு புத்தர் விதியை மீறியாச்சு சாமி. கணக்கு சரியாச்சு."

"என்னுது ஒரே வார்த்தைடா. உன்னுது முப்பது வருஷம்!"

சொல்லிவிட்டாரே தவிர, கோயிலுக்குள் நுழைந்ததும் துறவி முதலில் எடுத்தது அந்த ஏட்டைத்தான். வெற்று வரியில் 'ஷின்பா' என்று எழுதினார். மெய்யான அலை என்று பொருள்.

தொகுஸோவுக்கு எழுத்து தெரியாது. "இதுல அவ பேரு எது சாமி?" துறவி காட்டினார். அவன் ஓசுகியின் பெயரைத் தடவிப் பார்த்து, அப்படியே தன் பெயருக்கு விரலை நகர்த்தி, மறுபடி அவள் பெயருக்கே இழுத்தான்.

"மை காயலடா!"

அந்தப் பக்கத்தில் இரண்டு பெயருக்கும் குறுக்கே ஒரு விரல் தீற்றல் இன்றும் இருக்கிறது. ஏட்டைப் படியெடுத்தவர்கள் அதையும் விடாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள்.